வேலை முடிந்ததும் திரும்பி வரும் உலோகம்



வினையூக்கி என்றால் என்ன என்று இன்று கேட்டாலும், "வினையின் வேகத்தை மாற்றும், தான் மாறாது" என்று ஒரே குரலில் சொல்வீர்கள். சரிதான். ஆனால் மாறாமல் இருந்தால் போதுமா? வேலை முடிந்தபின் அது நம் கைக்குத் திரும்ப வேண்டாமா? 200 ஆண்டுகளாக வேதியியலாரை விரட்டிவரும் கேள்வி இது.

1823-இல் ஜெர்மனியின் யேனா நகரில் டோபரைனர், பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சினார். நெருப்பே வைக்காமல் தீப்பற்றியது. பிளாட்டினமோ அப்படியே இருந்தது. ஆனால் அது விலை உயர்ந்த உலோகம்.

1897-இல் பிரான்சின் துலூஸ் நகரில் சபாத்தியேயும் சாந்தரானும், மலிவான நிக்கல் தூளைக் கொண்டு எத்திலீனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துக் காட்டினார்கள். சபாத்தியேவுக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையே 1902-இல் ஜெர்மானியர் நார்மன், திரவ எண்ணெயையே நிக்கலால் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1937-இல் இந்தியாவுக்கு வந்த டால்டா இந்த வழியில் பிறந்ததுதான். காலி டால்டா டின்னில் செடி வளர்த்த தலைமுறை நாம்! அந்த எண்ணெயில் கலந்த நிக்கலை வடிகட்டி மறுபடியும் பயன்படுத்துவார்கள். (டிரான்ஸ் கொழுப்பின் கேடு தனிக்கதை.)

வினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில். 1 செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர், ஏறக்குறைய 15 சென்ட் நிலம்! ஆனால் அவ்வளவு சிறிய துகளை எந்த வடிதாளில் பிடிப்பது? சும்மா விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியும் விடும்.

மருந்து தயாரிப்பில் இது பெரிய சிக்கல். கார்பனோடு கார்பனை இணைக்கும் பல்லேடியம் வினைகளுக்காக ஹெக், நெகிஷி, சுசுகி மூவரும் 2010-இல் நோபல் பெற்றார்கள். அந்தப் பல்லேடியம் கரைசலிலேயே தங்கினால் பணமும் வீண், மாத்திரையிலும் உலோகம் கலக்கும்.

இதற்கு ஒரு விடை நம் வகுப்பறைக் காந்தம்தான். காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடுத் துகள்மேல் பல்லேடியத்தைப் பதிக்கிறார்கள். வினை முடிந்ததும் குடுவையின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால், துகள்கள் சுவரோரம் ஒதுங்கும். கரைசலை ஊற்றிவிட்டு, துகளைக் கழுவி அடுத்த வினைக்கு எடுக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது உலோகம் கரைந்து போகலாம். அதனால்தான் எத்தனை முறை பயன்பட்டது என்பதையும் ஆய்வுக் கட்டுரைகளில் எண்ணி எழுதுகிறார்கள்.

வினையை நடத்துவது பாதி வேலை. ஊக்கியை மீட்பது மீதி. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வரையறையைச் சொல்லித்தரும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.