இலங்கையில் மூப்பும் காப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் சனத்தொகை மூப்படைதல் அந்நாட்டின் செல்வ வளர்ச்சியைத் தொடர்ந்து நிகழ்வது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்தாகும். மேலை நாடுகளின் வரலாறு இதற்கு அரண் செய்கின்றது. வளர்முக நாடாகிய இலங்கையின் வரலாறோ இதனின் வேறுபட்டது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோர் 6.6 சதவீதத்தினர், 2012இல் அவர்கள் 12.4 சதவீதத்தினராயினர். இம்மாற்றத்தின் வேர்களை 1940களிலே காணலாம்.

1934-35இல் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. பின்னர், 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20ஆக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டே 14ஆக வீழ்ந்தது. இதனை டி.டி.டி. மருந்தின் விளைவாகவே பலரும் கருதினர். ஆயின், மலேரியா குறைந்த பகுதிகளிலும் இறப்புக் குறைந்தமையை எஸ். ஏ. மீகம முதலியோர் சுட்டிக்காட்டினர். 1931இல் வந்த சர்வசன வாக்குரிமை, 1942இல் தொடங்கிய உணவுப் பங்கீடு, 1945இன் இலவசக் கல்வி, கிராமந்தோறும் பரவிய மருத்துவிச்சியர் சேவை ஆகியன ஒருங்கே நோக்கத்தக்கன. எனினும், தோட்டப்புறங்களில் இறப்பு 1970களிலும் உயர்ந்தே இருந்தமை மறக்கற்பாலதன்று.

காக்கப்பட்டோருட் பெரும்பாலோர் குழந்தைகளாதலின் நாடு முதலில் இளமையே எய்தியது. கல்வி கற்ற பெண்கள் காலந்தாழ்த்தி மணம் புரிந்தனர். குடும்பக் கட்டுப்பாடும் பரவியது. இவற்றாற் பிறப்புக் குறைந்த பின்னரே மூப்பு வெளிப்பட்டது. 1947இற் பிழைத்த குழந்தை 2007இல் அறுபதை எய்தியது.

மூப்பிற்கான காப்போ வயதை நோக்கி வழங்கப்படவில்லை. தொழிலை நோக்கியே வழங்கப்பட்டது. அரச ஊழியரின் ஓய்வூதியப் பிரமாணங்கள் 1901இல் எழுந்தன. தனியார்துறை ஊழியர்க்குச் சேமலாப நிதி 1958இலேயே கிடைத்தது. அதுவும் மாதந்தோறும் வருவதன்று, ஒருமுறை பெறும் தொகையேயாம். விவசாயியின் ஓய்வூதியத் திட்டம் 1987வரை காத்திருந்தது. வீட்டிலும் வயலிலும் ஊதியமின்றி உழைத்த பெண் இவ்வரிசையில் எங்கும் இடம்பெறவில்லை.

இங்கேதான் முரண்பாடு கூர்மையடைகின்றது. 1946இல் ஆணின் ஆயுள் எதிர்பார்க்கை ஏறத்தாழ 44 ஆண்டு, பெண்ணினது 42. 1971இல் அவை முறையே 64, 67 எனத் தலைகீழாயின. நீண்டகாலம் வாழ்வோர் எவரோ அவரே காப்புக் குறைந்தோராயினர்.

பெற்றோரைப் பராமரித்தல் பிள்ளைகளின் கடமையென 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் விதித்தது. மரபாக நின்றதொன்றைச் சட்டமாக்க நேர்ந்தமையே அம்மரபின் தளர்ச்சிக்குச் சான்றாகும். பிள்ளைகள் இருவராகக் குறைந்து, போரினாலும் தொழில் தேடியும் அவர்கள் கடல்கடந்துள்ள குடும்பங்களில் இக்கடமை எவரைச் சாரும்? குழந்தையைச் சாவினின்றும் காத்தல் தன் பொறுப்பென ஏற்ற அரசு, அக்குழந்தையின் முதுமையைக் குடும்பத்திடமே விட்டது. தொடங்கிய அப்பணி இன்னும் நிறைவெய்தவில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.