அரசன் பிழையும் ஆலோசகன் தலையும்

ஒருவர் எடுத்த முடிவு தவறானது என்பதை நயமாகச் சொல்ல ஆங்கிலத்தில் 'இல்-அட்வைஸ்ட்' என்றொரு பெயரடை உண்டு. நாடாளுமன்றப் பேச்சிலும் நாளிதழ்த் தலையங்கத்திலும் அஃது அடிக்கடி தலைகாட்டும். 'மூடத்தனமான முடிவு' என்றால் முடிவெடுத்தவரையே வைததாகும். இச்சொல்லை இட்டாலோ ஏச்சு முடிவின்மேல் விழுமேயன்றி ஆள்மேல் விழாது.

'அட்வைஸ்' என்றால் அறிவுரை என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆதலின், 'தீய அறிவுரை பெற்ற' என்று இதற்குப் பொருள்கொள்ளத் தோன்றும். அது பாதி உண்மையே. பார்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்த இவ்வினை, இடைக்கால ஆங்கிலத்தில் 'உற்று நோக்கு, எண்ணிப்பார்' என்னும் பொருளையும் தந்தது. 'அட்வைஸ்ட்' என்றால் நன்கு எண்ணிய என்பது பொருள். 1549-இல் வெளிவந்த இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல், ஆராயாது திருமணத்தில் இறங்கலாகாது என எச்சரிக்கும் இடத்தில் இச்சொல்லின் உறவுச் சொல்லையே ஆள்கிறது. மணமகனுக்கு யோசனை சொன்னவர் யார் என்பது அங்கே பேச்சில்லை. 'இல்' என்பது ஆங்கிலத்தில் தீமையைக் குறிப்பது. தமிழ்க் கண்ணுக்கோ இல்லாமையாகத் தோன்றும். 'எண்ணம் இல்லாத' என்று நாம் தவறாகப் படித்தாலும் பழம்பொருளை நெருங்கிவிடுகிறோம்!

ஆயினும், பிறர் யோசனையால் கெட்டான் என்னும் கருத்து இங்கிலாந்தின் அரசியலிலே ஆழ வேரூன்றியது. அரசன் தவறு செய்யான். தவறு நேர்ந்தால் அது தீய ஆலோசகரால் நேர்ந்தது என்பது அந்நாட்டார் கையாண்ட பழைய வாதம். 1381-இல் கிளர்ந்தெழுந்த குடியானவர்கள் இரண்டாம் ரிச்சர்டு மன்னனிடம் பற்றுடையோம் என்றே முழங்கினர். தலை இழந்தவர்களோ கேண்டர்பரிப் பேராயர் சட்பரியும் கருவூலத் தலைவர் ஹேல்ஸும். அரசனை எதிர்ப்பது இராசத் துரோகம். அமைச்சனை எதிர்ப்பது இராச விசுவாசம். குடிகளுக்கு இதைவிட வசதியான வழி வேறேது?

முதலாம் சார்லஸ் காலத்தில் இவ்வாதம் உச்சத்தை எட்டியது. மன்னனின் வலக்கையாக விளங்கிய ஸ்ட்ராஃபர்டு பிரபுவுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. உன் உயிருக்குத் தீங்கு வாராது என்று வாக்களித்திருந்த மன்னனே அதற்கு இசைவு தந்தான். 1641 மே 12-ஆம் நாள் பிரபுவின் தலை வெட்டுண்டது. அவ்வாண்டு நவம்பரில் மக்களவை 204 கூறுகள் கொண்ட பெரும் முறையீட்டை நிறைவேற்றியது. ஆதரவு 159, எதிர்ப்பு 148. நாட்டின் கேடுகளுக்கெல்லாம் தீய ஆலோசகரையும் ஆயர்களையும் சாடிய அம்முறையீடு, நாடாளுமன்றம் நம்பத்தக்கவரையே அமைச்சராக்குமாறு மன்னனைக் கேட்டது. உண்மையில் குறி யார்மேல் என்பது மன்னனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

1642 சனவரி 4-ஆம் நாள் சார்லஸ் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு மக்களவைக்குள் புகுந்து ஐந்து உறுப்பினரைச் சிறைபிடிக்க முயன்றான். அவர்கள் முன்னரே தப்பிவிட்டனர். 'இல்-அட்வைஸ்ட்' என்னும் சொல்லுக்கு இரு பொருளிலும் இதைவிடப் பொருத்தமான செயலைக் காண்பது அரிது. எண்ணாமலும் செய்தான், பிறர் தூண்டவும் செய்தான். அரசியையும் டிக்பி பிரபுவையும் பலர் பழித்தனர். அவ்வாண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. அப்போதும் நாடாளுமன்றப் படை தான் மன்னனுக்காகவும் போரிடுவதாகவே சொல்லிக்கொண்டது.

1649 சனவரியில் அப்போர்வை கிழிந்தது. கொடுங்கோலன், துரோகி, கொலைகாரன் என்னும் குற்றச்சாட்டு எந்த ஆலோசகன்மேலும் அன்று, சார்லஸ்மேலேயே சாட்டப்பட்டது. சனவரி 30-இல் அவன் தலை விழுந்தது.

கிழிந்ததைத் தைக்கவும் ஆங்கிலேயர் மறக்கவில்லை. இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடியபின் இயற்றப்பட்ட 1689-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் முகவுரை, அவன் குற்றங்களை அடுக்கும்போது தீய ஆலோசகர்களின் துணையோடு செய்தான் என்றே தொடங்குகிறது. ஆனால் இம்முறை துணைநின்றவரோடு மன்னனின் பெயரும் குற்றப் பட்டியலின் தலைப்பில் நின்றது.