இசையரசு தண்டபாணி தேசிகர்: திருமுறையும் திரைப்படமும்

ஒரு நாட்டின் இசை வரலாறு சபைகளிலும் அரங்குகளிலும் மாத்திரம் நிகழ்வதன்று. கோயில், மடம், நாடகக் கொட்டகை, இசைத்தட்டு, பேசும்படம் ஆகிய பல வாயில்களாலும் இசை மக்களைச் சென்றடைந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வாயில்கள் பலவற்றினூடு தடையின்றிச் சென்று வந்த இசைவாணர் சிலரே. அவருள் ஒருவர் எம். எம். தண்டபாணி தேசிகர் (1908-1972). உயர்ந்த இசை திரைப்படத்திற் புகுந்தால் தன் தூய்மையை இழந்துவிடும் என்னும் கருத்து கற்றோரிடையே நெடுங்காலம் நிலவிற்று. அக்கருத்தின் உண்மையை உரைத்துப் பார்ப்பதற்குத் தேசிகருடைய வாழ்க்கை ஏற்றதோர் உரைகல்லாகும்.

தேசிகர் பிறந்த ஊர் சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடி. சிறுத்தொண்ட நாயனாரால் அறியப்பெற்ற அத்தலம், தேவாரம் பெற்ற பெருமையும் உடையது. தந்தையார் முத்தையா தேசிகரும் இசை வல்லவர். தேவாரத்தைப் பண்ணோடு ஓதும் மரபு அவருக்குக் குலச்செல்வமாய் வாய்த்தது. பின்னர்ப் புகழ்பெற்ற வயலின் வித்துவான் கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளையிடம் கருநாடக இசையை முறையாகப் பயின்றார். ஓதுவார் மரபிற் சொல்லே முதன்மையுடையது. பாடலின் பொருள் கேட்போர் உள்ளத்திற் பதிதல் வேண்டும். கச்சேரி மரபிலோ இராக விரிவும் சுரக் கற்பனையும் தாள நுட்பமும் சிறப்பிடம் பெறுவன. இவ்விரண்டும் ஒருங்கே அமையப்பெற்றமையே தேசிகருடைய தனிச்சிறப்பு. அவரது பிற்காலச் சாதனைகள் யாவும் இவ்வடிப்படையில் எழுந்தவையே.

தமிழில் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அக்காலத்தில் நடிப்போரே பாடவேண்டியிருந்தமையால், படமெடுப்போர் வித்துவான்களை நாடினர். ஜி. என். பாலசுப்பிரமணியம், முசிரி சுப்பிரமணிய ஐயர், எம். எஸ். சுப்புலட்சுமி முதலியோர் திரையில் தோன்றியது இவ்வாறே. தேசிகரும் 1930களின் நடுப்பகுதியில் பட்டினத்தாராகத் திரையிற் புகுந்தார். தொடர்ந்து 'தாயுமானவர்' (1938), 'மாணிக்கவாசகர்' (1939) ஆகிய படங்களில் நடித்தார். இப்பாத்திரங்கள் யாவும் பாடி உருகிய அருளாளர் என்பது கருதத்தக்கது. ஓதுவார் மரபினர் ஒருவர் தம் இசையை மாற்றிக்கொள்ளாமலே திரையில் தோன்றுதற்கு அவை இடமளித்தன.

அவர் புகழை நிலைநிறுத்தியது ஜெமினி நிறுவனத்தார் 1942இல் வெளியிட்ட 'நந்தனார்' ஆகும். சேக்கிழார் திருநாளைப்போவார் புராணத்திற் கூறிய வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாகப் பாடினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்னும் பண்ணையாரைப் படைத்து, நந்தனாரின் துயரைக் கண்முன் நிறுத்தியவர் அவரே. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனா'ரில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தனர். சுந்தராம்பாளுக்கு ஓர் இலட்சம் ரூபா வழங்கப்பெற்றது என்பது அக்காலத்துப் பேரதிசயம். எனினும் அப்படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. ஏழாண்டுகளின் பின்னர் முருகதாசா இயக்கிய படத்தில் தேசிகர் நந்தனாராகவும் செருகளத்தூர் சாமா வேதியராகவும் தோன்றியபோது, அக்கதை மக்கள் உள்ளத்தை ஆட்கொண்டது.

அதற்குக் காலமும் ஒரு காரணம். திருவிதாங்கூர் அரசு 1936இல் ஆலயக் கதவுகளை எல்லோர்க்கும் திறந்தது. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் ஒடுக்கப்பட்டோர் புகுந்தனர். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இலேயே நிறைவேறிற்று. இவற்றினிடையே, கோயில் வாயிலுக்கு வெளியே நின்று ஏங்கிய அடியாரின் குரலாகத் தேசிகரின் குரல் ஊர்தோறும் ஒலித்தது. நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லையுட் புகுந்தார் என்னும் பழைய முடிவைக் கொண்ட கதையாதலின், அது சமூகச் சீர்திருத்தத்தை முழுமையாகப் பேசியது எனல் பொருந்தாது. ஆயினும் பார்ப்போர் நெஞ்சில் அவ்வேக்கத்தை எழுப்பியது.

இசை வரலாற்றை நோக்கின், அப்படத்தின் பயன் வேறொரு வகையிலும் சிறந்தது. பாபநாசம் சிவன் அதற்கென இயற்றிய 'பிறவா வரம் தாரும்' லதாங்கி இராகத்திலும், 'காண வேண்டாமோ' ஸ்ரீரஞ்சனி இராகத்திலும் அமைந்தவை. அக்காலத்துக் கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் துக்கடாவாகவே இடம்பெற்றன. இவ்விரு பாடல்களோ விரிவாக ஆலாபனை செய்தற்குரிய இராகங்களில் எழுந்தமையாற் கச்சேரி மேடையில் இடம்பெற்றன. வித்துவான்கள் அவற்றை இன்றும் பாடுகின்றனர். திரையிலிருந்து மேடைக்கு இசை சென்றமைக்கு இதனினுஞ் சிறந்த சான்று அரிது.

இதே காலத்தில் தமிழிசை இயக்கம் வலுப்பெற்றது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியாற் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது. இராஜாஜி, கல்கி, டி. கே. சிதம்பரநாத முதலியார் முதலியோர் ஆதரித்தனர். இசையை மொழியால் வரையறுத்தல் தகாது எனச் சங்கீத வித்துவ சபையைச் சார்ந்தோர் பலர் எதிர்த்தனர். 1946இல் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில் தேசிகர் தமிழில் விநாயகர் துதியொன்றைப் பாடியமை பெரும் பூசலை விளைத்தது. 'குடி அரசு' இதழ் அவருக்காகக் குரல் கொடுத்தது. தில்லை வாயிலிற் காத்துநின்ற நந்தனாராக நடித்தவரின் பாட்டுக்கு, மொழி காரணமாக ஓர் இசைமேடையில் எதிர்ப்பு எழுந்தது. தமிழிசை இயக்கத்தின் தேவையை உணர்த்த அவ்வொரு நிகழ்ச்சியே போதியது.

பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' என்னும் பாடலைத் தேஷ் இராகத்தில் அமைத்தவரும் தேசிகரே. அவ்விசையமைப்பு 1951இல் வெளிவந்த 'ஓர் இரவு' படத்தில், எம். எஸ். இராஜேஸ்வரியும் வி. ஜே. வர்மாவும் பாட, மக்களிடையே பரவியது. முன்னர்த் திரையிலிருந்து மேடைக்குச் சென்ற இசை, இங்கே மேடையிலிருந்து திரைக்கு வந்தது. பின்னணி பாடும் முறை நிலைபெற்றபின் பாடும் நடிகர்களுக்குரிய இடம் சுருங்கிற்று. 'திருமழிசை ஆழ்வார்' (1948) படத்தின் பின்னர்த் தேசிகர் நடிப்பை விடுத்து இசையிலேயே முழுமையும் ஈடுபட்டார்.

தமிழ் இசைச் சங்கம் அவருக்கு இசைப் பேரறிஞர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. சிதம்பரத்தில் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைத் தலைவராக அவர் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். அப்பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர் ஈழத்துப் பெரியார் சுவாமி விபுலாநந்தர். பண்டைத் தமிழிசையை ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. ஈழத்து மாணாக்கர் பலர் அங்கே பயின்று, சங்கீதபூஷணம் பட்டத்தோடு மீண்டு, யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் இசை ஆசிரியராய்ப் பணியாற்றினர். ஆதலின் தேசிகர் தலைமை தாங்கிய கலைக்கூடம் ஈழத்தவர்க்கும் அந்நியமானதன்று.

தேசிகர் 1972இல் மறைந்தார். அவர் திரையிற் பாடிய போது இசையைத் தாழ்த்தவில்லை. மேடையிற் பாடிய போது தமிழை மறக்கவில்லை. அனுமதிச்சீட்டு வாங்கிச் சபைக்குச் செல்ல வசதியற்ற உழவனும் தொழிலாளியும் லதாங்கியையும் ஸ்ரீரஞ்சனியையும் பெயரறியாமலே கேட்டு உருகினர். இசையின் உயர்வும் தாழ்வும் அது ஒலிக்கும் இடத்தைப் பொறுத்தன அல்ல. பாடுவோனின் பயிற்சியையும் உண்மையையும் பொறுத்தன. தேசிகருடைய வாழ்க்கை நிறுவிய உண்மை இதுவே என்பது ஒருதலை.