ஸ்டூடியோவும் சொந்தக்காரரும்

ஒரு நாடகக் கொட்டகைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தால் ஊரே அதைப்பற்றிப் பேசும். கொட்டகை கைமாறினாலோ, பத்திர ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் கடன் கொடுத்தவருக்கும் மட்டுந்தான் தெரியும். உலகம் முழுவதும் இதுதான் வழக்கம் என்று எண்ணியிருந்தேன். இங்கிலாந்தில் 'ஸ்கை நியூஸ்' என்ற டெலிவிஷன் செய்தி ஸ்தாபனத்தின் கதையைப் படித்தபோது அந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டங்கண்டது.

1989-ம் வருஷம் பிப்ரவரி 5-ந் தேதி அது பிறந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் செய்தி சொல்லும் ஸ்தாபனம் பிரிட்டனில் அதற்கு முன் இருந்ததில்லை. அமெரிக்காவில் ஸி.என்.என். 1980-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் ஆங்கிலேயருக்கு மாலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை என்று செய்தி கேட்டுத்தான் பழக்கம். நடு இரவில் எழுந்து செய்தி பார்க்கிறவன் ஒன்று நோயாளி, அல்லது திருடன் என்று நினைக்கிற ஜனங்கள் அவர்கள்!

முதலாளி ரூபர்ட் மர்டாக். 'தி ஸன்', 'தி டைம்ஸ்', 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' ஆகிய பத்திரிகைகள் அவர் கையில் இருந்தன. 'ஸன்' பத்திரிகைக்குக் காலும் நாக்கும் முளைத்து வீட்டுக்குள் வரப் போகிறது என்று பலர் பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. பிரிட்டனில் பத்திரிகை கட்சி கட்டலாம். டெலிவிஷன் செய்தி கட்டக் கூடாது. பாரபட்சமின்றிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒரே முதலாளியின் வீட்டில் ஒரு பிள்ளை தெருச்சண்டைக்காரனாகவும், இன்னொரு பிள்ளை சாதுவாகவும் வளர்ந்தார்கள். முதல் வருஷங்களில் நஷ்டம் பயங்கரமாக இருந்தது. 1990 நவம்பரில் போட்டிக் கம்பெனியோடு இணைந்துதான் ஸ்கை உயிர் தப்பியது. செய்திப் பகுதி அதற்குப் பிறகும் காசு சம்பாதித்துக் கொடுக்கவில்லை. கௌரவம் சம்பாதித்துக் கொடுத்தது. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிற சங்கடமெல்லாம் இதிலிருந்து கிளைத்தது.

2005 அக்டோபர் 24-ந் தேதி லண்டனுக்கு மேற்கே ஆஸ்டர்லியில் புது ஸ்டூடியோ திறந்தார்கள். விசாலமான கூடம், பெரிய பெரிய திரைகள். கூடவே நிகழ்ச்சி நிரலையும் மாற்றினார்கள். எந்நேரம் திருப்பினாலும் செய்தி என்றிருந்ததைத் துண்டு போட்டு, இன்னார் நடத்தும் இந்த நிகழ்ச்சி என்று பெயர் சூட்டினார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? அவர்களில் கணிசமானவர்கள் பி.பி.ஸி.யின் செய்திக்குத் திரும்பினார்கள். அடுத்த வருஷமே நிரலை மறுபடி மாற்ற வேண்டி வந்தது. டெலிவிஷன் நேயருக்கு அபிப்பிராயம் சொல்ல வாயோ பேனாவோ வேண்டியதில்லை, கட்டைவிரல் போதும்.

இதில் எனக்கு ஆச்சரியமில்லை. பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறவனுக்கு இந்த ரகம் நன்றாகத் தெரியும். அட்டைப்படத்துக் கதாநாயகியின் புடவை நிறத்தைப்பற்றி நாற்பது கடிதம் வரும். பத்திரிகை யார் பணத்தில் நடக்கிறது என்று கேட்டு ஒரு கடிதம் வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஆங்கிலேயர் அதையும் கேட்டார்கள்.

ஸ்கை கம்பெனியில் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷனுக்கு 39.1 சதவிகிதப் பங்குதான் சொந்தம். மிச்சத்தையும் வாங்கிவிட வேண்டும் என்று 2010 ஜூனில் பங்குக்கு 700 பென்ஸ் விலை சொல்லிப் பேச்சு ஆரம்பித்தார்கள். இத்தனை பத்திரிகை வைத்திருப்பவர் கையில் ஒரு செய்தி ஸ்தாபனமும் முழுதாகப் போகலாமா என்ற கேள்வி எழுந்தது. முடிவு செய்ய வேண்டிய மந்திரி வின்ஸ் கேபிள், தாம் மர்டாக்கோடு யுத்தம் தொடுத்திருப்பதாக வீறாப்புப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் வேஷம் போட்டு வந்த பத்திரிகை நிருபர்கள்! அந்த அதிகாரம் டிசம்பரில் அவரிடமிருந்து பறிபோய் ஜெரமி ஹன்ட்டிடம் வந்து சேர்ந்தது.

2011 மார்ச்சில் ஹன்ட் ஒரு சமரசத்தை முன்வைத்தார். ஸ்கை நியூஸை மட்டும் தனிக் கம்பெனியாகப் பிரித்து விடுவது. அதில் மர்டாக்குக்குப் பழைய 39.1 சதவிகிதமே இருக்கும். செய்தியைச் சுமந்து செல்ல ஸ்கை பத்து வருஷம் பணம் கொடுக்கும். பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டு, அரிசி பருப்பு மட்டும் அப்பா வீட்டிலிருந்து அனுப்புகிற ஏற்பாடு. அப்பாவுக்கு எதிராக அந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் பேசுவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். மார்ச்சில் நாற்பதாயிரம் பதில்கள் வந்தன. நிபந்தனைகளைக் கொஞ்சம் இறுக்கி, ஜூன் 30-ந் தேதி மறுபடியும் கேட்டார்கள். ஜூலை 8-ந் தேதி கெடு. இம்முறை ஒரு லட்சத்துக்கு மேல் வந்து குவிந்தன. பெரும்பாலானவை கிளர்ச்சிச் சங்கங்கள் தயாரித்துக் கொடுத்த வாசகத்தை ஒட்டி அனுப்பியவை. அனுப்பியவர்களில் எத்தனை பேர் ஸ்கை நியூஸைத் தினமும் பார்த்தார்களோ, தெரியாது. அச்சடித்த மனுவில் கைநாட்டு வைப்பதும் அபிப்பிராயமா என்று சிலர் ஏளனம் செய்தார்கள். எனக்கு அந்த ஏளனம் பிடிக்கவில்லை. கைநாட்டு வைக்கிறவனுக்கும் தன் நிலம் எது என்று தெரியும்.

இதற்கிடையில் ஜூலை 4-ந் தேதி அந்தக் குண்டு விழுந்தது. 2002-ல் கொலையுண்ட ஒரு பள்ளிச் சிறுமியின் டெலிபோனில் பதிவாகியிருந்த செய்திகளை 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' ஆட்கள் திருட்டுத்தனமாக ஒட்டுக் கேட்டார்கள் என்று 'கார்டியன்' வெளியிட்டது. தேசம் கொதித்தது. 168 வருஷம் நடந்த பத்திரிகை ஜூலை 10-ந் தேதியோடு மூடப்பட்டது. 13-ந் தேதி மர்டாக் தம் விலைப்பேச்சை வாபஸ் வாங்கினார்.

கடிதங்கள் அல்ல, அந்தச் சிறுமியின் விஷயந்தான் காரியத்தை முடித்தது என்று சொல்லுவார்கள். நிஜந்தான். ஆனால் ஒரு தகவலைத் தள்ளிவிடக் கூடாது. இத்தனை கடிதங்களையும் படித்துப் பார்க்க வேண்டும், ஆகையால் செப்டம்பருக்கு முன் முடிவு சொல்ல இயலாது என்று மந்திரியின் இலாகா ஜூலை 8-ந் தேதி அறிவித்தது. கட்டுக் கட்டாக ஒரே வாசகம். ஆனாலும் எண்ணியாக வேண்டுமே! மார்ச்சில் ஒரு நாற்பதாயிரம் பேர் குறுக்கே நில்லாதிருந்தால், ஜூலை வருவதற்குள் பத்திரம் பதிவாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

2016-ல் ஸ்கை தன் காரியாலயத்தின் நடுவே கண்ணாடியால் ஒரு ஸ்டூடியோ கட்டிற்று. செய்தி வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் நடமாடுவது தெரியும். ஒளிவு மறைவு இல்லை என்று காட்டுவதற்குத்தானோ என்னவோ. அதே வருஷம் டிசம்பரில் மர்டாக்கின் இன்னொரு கம்பெனி, ட்வென்டி ஃபர்ஸ்ட் ஸெஞ்சுரி ஃபாக்ஸ், பங்குக்கு 10.75 பவுன் விலையோடு மறுபடி வந்து நின்றது. மறுபடி விசாரணை. 2017 நவம்பரில் ஸ்கை நிர்வாகம் விசாரணைக் குழுவுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. விற்பனைக்கு ஸ்கை நியூஸ் முட்டுக்கட்டையானால், அது என்றென்றும் நடந்துகொண்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது அதன் சாரம். நஷ்டத்தில் நடக்கிற பிள்ளை அல்லவா! கண்ணாடிக்குப் பின்னால் நடமாடிய ஊழியர்கள் அன்றைக்கு இந்தச் செய்தியையும் படித்திருப்பார்கள்.

ஏலத்தில்தான் கதை முடிந்தது. 2018 செப்டம்பர் 22, சனிக்கிழமை, மூன்று சுற்று. ஃபாக்ஸ் 15.67 பவுன் கேட்டது. அமெரிக்காவின் காம்காஸ்ட் 17.28 பவுன் கேட்டு ஸ்கை முழுவதையும் எடுத்துக்கொண்டது. இந்த முறை ஜனங்களுக்குப் பயந்து, வாங்க வந்தவர்கள் எல்லாருமே செய்திப் பகுதிக்குச் சீர் வரிசை பேசினார்கள். டிஸ்னி கம்பெனி ஸ்கை நியூஸைத் தான் தனியாக வாங்கிக்கொண்டு பதினைந்து வருஷம் காப்பாற்றுவதாகச் சொல்லியிருந்தது. காம்காஸ்ட் கொடுத்த வாக்கு, செலவைக் குறைக்காமல் பத்து வருஷம். 2018-லிருந்து எண்ணினால் 2028-ல் அந்தக் கெடு முடிகிறது.