ரெயில்ஸ், மெர்ப் இணைப்பு: படிக்கட்டு யாருக்குக் கிடைச்சது?

2008 நவம்பரில் மெர்ப் 1.0 வெளியானது. ரூபி மொழியில் வெப் அப்ளிகேஷன் எழுதுறதுக்கான ஃபிரேம்வொர்க் அது; ரெயில்ஸுக்கு நேரடிப் போட்டி. அடுத்த மாசமே, டிசம்பர் 23-ம் தேதி, ரெண்டும் சேர்ந்து ரெயில்ஸ் 3 ஆகப் போகுதுன்னு அறிவிச்சாங்க. மெர்பை நம்பி அப்பதான் புராஜெக்ட் தொடங்கினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

ரெயில்ஸ் பக்கமும் சிக்கல்தான். எது வெளியாருக்கான ஏபிஐ, எது உள்வேலைன்னு அங்கே தெளிவான கோடு இல்லை. பிளகின் எழுதினவங்க உள்ளே இருந்த மெத்தட்களையே மாத்தி வெச்சிருந்தாங்க. அதனால உள்ளே எதைத் தொட்டாலும் வெளியே ஏதாவது உடையும். 'இதுதான் பப்ளிக் ஏபிஐ'ன்னு வரையறுத்து, அதுக்கு டெஸ்ட் எழுதுற பழக்கம் மெர்ப் தந்த சீதனம்.

2010 ஆகஸ்டில் ரெயில்ஸ் 3.0 வந்தது. ரூட்ஸ் எழுதும் முறை மாறிச்சு. ஆனா பழைய முறையும் எச்சரிக்கையோட ஓடிச்சு; 3.1-லதான் எடுத்தாங்க. டேட்டாபேஸ் தேடலுக்குப் புது மெத்தட்கள் வந்தன. பழைய ஃபைண்ட் ஆப்ஷன்களைத் தனி ஜெம்முக்கு ஒதுக்கினது 2013-ல், 4.0 வந்தப்போதான். உடைக்கிறதையும் தவணை முறையில உடைச்சாங்க.

ஆனா இந்தத் தவணை எல்லாம் ரெயில்ஸ் கோடுக்குத்தான். மெர்ப் அப்ளிகேஷன் வெச்சிருந்தவங்க பெரும்பகுதியைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. மெர்போட யோசனைகள் ஜெயிச்சது. அதோட ஏபிஐ ஜெயிக்கலை. அதனால ரெண்டு ஃபிரேம்வொர்க் இணையுதுன்னு செய்தி வந்தா, நான் முதல்ல கேக்குற கேள்வி: யாரோட பழைய கோடு நாளைக்கும் ஓடும்?