அரியலூர் சோழிகள்

பல்லாவரம், திரிசூலம் மலைக்கல்லில் எத்தனை நாள் தேடினாலும் ஒரு நத்தைக் கூடு கிடைக்காது. பூமிக்கடியில் ஆழத்தில் வெந்து உருவான சார்னோகைட் அது. ஆனால் தாம்பரத்தில் பஸ் ஏறி ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போய், பெரம்பலூர், அரியலூர் பக்கம் இறங்கினால் கதையே வேறு. கடலைக் காணாத அந்த ஊர்களில் ஓடைக்கரையில் கடல் நத்தை கிடக்கும்! சுமார் 10 கோடி ஆண்டு முதல் 7 கோடி ஆண்டு முன்பு வரை அங்கே கடல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரி வட்டாரங்களில் இவற்றைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றுக்குப் பெயர் வைத்தார். அதில் இரண்டு சோழிகள், அனுப்பியவர்கள் பெயரிலேயே: சிப்ரேயா கேயி, சிப்ரேயா கன்லிஃபை. நாம் தாயம் ஆடும் சோழிக்கு, ஒரு காலத்தில் வங்காளத்தில் காசாகவே புழங்கிய சோழிக்கு, தூரத்து மூதாதை முறை.

மற்ற நத்தைக் கூடுகளில் சுருள் வெளியே தெரியும். சோழியில் கடைசிச் சுற்று முந்தைய சுற்றுகளை எல்லாம் போர்த்தி மூடிவிடும். வாய் நீண்ட கீறலாகக் குறுகிவிடும். குட்டிச் சோழியில் மட்டும் சுருள் தெரியும். புக்னெல்லஸ் என்ற இன்னொரு நத்தைக்கு வளர்ந்த பிறகுதான் வாய் உதடு தடித்துக் கொக்கியாக நீளும். குட்டியையும் பெரியதையும் தனித்தனியாகப் பார்ப்பவர் இரண்டு இனம் என்று நினைத்துவிடலாம். போதாததற்கு, பல இடங்களில் ஓடு கரைந்துபோய் உள்ளே நிறைந்த மண் மட்டும் கல்லாகியிருக்கும். மேல் வரி, முடிச்சு எதுவும் அதில் இருக்காது.

(இடையில் ஒன்று: கூர்நுனியை மேலே வைத்துப் பார்க்கும் விஞ்ஞானிக்கு நம் வலம்புரிச் சங்கு இடம்புரி. நாம் பிடிப்பது தலைகீழாக, அவ்வளவுதான்!)

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா. மொராவியாவில் பிறந்தவர், 1862இல் கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். 1867-68இல் வெளியான அவருடைய நத்தைப் புத்தகம், சரக்கு இருப்புப் பதிவேடு போல, ஒவ்வொரு கூட்டின் சுருள், வரி, வாய், உதடு என்று படத்தோடு எழுதி வைத்திருக்கிறது. வறட்டு நடைதான், ஆனால் அந்த வறட்சிக்கு விலை அதிகம். 1874இல் யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். வயது 36.

அவர் வர்ணித்த நத்தைகள் கிடந்த பாறைகளில் சுண்ணாம்புக்கல்லும் உண்டு. கருடமங்கலத்துக் கல்லை மெருகேற்றினால் கறுப்பில் வெள்ளைக் கூடுகள் மின்னும். அதனால் திருச்சி மார்பிள் என்று பெயர் பெற்றது. மற்ற ஊர்க் கல்லுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1939இல் டால்மியாபுரம் ஆலை, 1979இல் அரியலூர் அரசு ஆலை, பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக. உடைத்து அரைத்து 1450 டிகிரியில் சுட்டால் கிளிங்கர். அதில் சோழியும் தெரியாது, கொக்கி உதடும் தெரியாது. மேடவாக்கத்திலும் சேலையூரிலும் எழும் அடுக்குமாடிச் சுவர்களில் அந்தக் கடலின் தூள் எவ்வளவு கலந்திருக்கிறதோ!

ஸ்டொலிச்காவின் மூல மாதிரிகள் கொல்கத்தாவில் இருக்கின்றன. அரியலூரில் இன்று யார் புது நத்தை கண்டெடுத்தாலும், முதலில் அவர் படத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.