இரண்டு பெயர்களில் வாழ்ந்த நடிகர்



சூரிச் நகரின் பழைய பகுதியை நீடர்டோர்ஃப் என்று அழைப்பார்கள். அங்கே ஹிர்ஷன் என்றொரு விடுதி. 1934ஆம் ஆண்டு மே மாதம் அதன் மண்டபத்திலே ஓர் அங்கத நாடகக் குழு ஆட்டத்தைத் தொடங்கியது. குழுவின் பெயர் கோர்னிஷோன். ஊறுகாய்க்குப் போடும் சிறு வெள்ளரிப்பிஞ்சு என்று பொருள். பெயருக்கேற்ற புளிப்பும் அவர்களிடம் இருந்தது. ஹிட்லரையும், சுவிற்சர்லாந்திலேயே அவருக்கு வால்பிடித்தவர்களையும் பாட்டாலும் கூத்தாலும் கேலி செய்தார்கள். ஜேர்மன் தூதரகம் ஆட்சேபம் தெரிவிக்கும் அளவுக்கு அந்தக் கேலி உறைத்தது.

அந்த மேடையில் 1935 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் நடித்தவர் கார்ல் மையர். 1897இல் சென்ட் காலன் நகரில் பிறந்து, துர்காவ் மாநிலக் கிராமமொன்றில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர். 1920களில் ஜேர்மனிக்குச் சென்று அங்குள்ள அரங்குகளில் நடித்தார். நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்குச் சற்று முன்னர் தாயகம் திரும்பினார்.

இவ்வளவும் ஊரறிந்த கார்ல் மையரின் கதை. ஒப்பனையைக் கலைத்துவிட்டு அறைக்குத் திரும்பினால் அவருக்கு வேறொரு பெயர், வேறொரு வேலை. அந்தப் பெயர் ரோல்ஃப். வேலை, ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்கான ஒரு சஞ்சிகையை நடத்துவது.

அந்தச் சஞ்சிகையை அவர் தொடங்கவில்லை. 1932இல் தொடங்கிய அதனை வறுமைக்கும் வசைக்கும் நடுவே காப்பாற்றி வந்தவர் அன்னா வொக் என்ற பெண்மணி. மஞ்சள் பத்திரிகைகள் அவருடைய பெயரைச் சந்திக்கு இழுத்தன. அதனால் தொழிலையும் இழந்தார். வாசகர்கள் அவரை 'மம்மினா' என்று தாயாகவே அழைத்தார்கள். ரோல்ஃபைப் புகழ்வோர் இந்தப் பெண்மணியை இரண்டு வரியில் கடந்துவிடுவது எனக்கு உவப்பானதல்ல. அவர் இல்லையேல் கையேற்க ஒன்றுமே இருந்திராது.

1933இல் ஜேர்மனியில் இவ்வகைச் சஞ்சிகைகள் யாவும் நசுக்கப்பட்டன. 1935இல் அங்கே சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. பல்லாயிரம் ஆண்கள் சிறைக்குச் சென்றனர், வதைமுகாம்களிலும் மடிந்தனர். எல்லைக்கு இப்பால் காற்று வேறு திசையில் வீசிற்று. 1938இல் சுவிஸ் மக்கள் புதிய தண்டனைச் சட்டக்கோவைக்கு வாக்களித்தார்கள். 1942 ஜனவரி முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தபோது, வயதுவந்த ஆண்கள் இருவரின் உறவு குற்றமாக இருக்கவில்லை. மறு வருடம் ரோல்ஃப் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, சஞ்சிகைக்கு 'டெர் கிரைஸ்', அதாவது 'வட்டம்', என்று பெயரிட்டார். யுத்தம் மூண்டிருந்த அந்நாளில் உலகிலேயே இத்தகைய சஞ்சிகை இது ஒன்றுதான்.

ஜேர்மன் மொழியோடு பிரெஞ்சும், 1952 முதல் ஆங்கிலமும் அதில் இடம்பெற்றன. கதை, கவிதை, கட்டுரை, ஓவியம், புகைப்படம் எல்லாம் உண்டு. கூர்ட் ஹில்லர் எழுதினார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஜோர்ஜ் பிளாட் லைன்ஸ் புனைபெயரில் படங்கள் தந்தார். சந்தாதாரர் தொகை உச்சத்தில் இரண்டாயிரம் வரை சென்றது. சிறிய தொகைதான். ஆனால் தன்னைப் போல் உலகில் வேறொருவரும் இல்லையென்று எண்ணிக் கிடந்த ஒருவன் தபாலில் அந்த உறையைப் பிரித்தபோது என்ன உணர்ந்திருப்பான் என்பதைத் தொகையால் அளக்க முடியாது.

வட்டத்தினர் விழாக்களும் நடத்தினர். வெளிநாடுகளிலிருந்தும் வந்து கூடினார்கள். அங்கே நாடகங்களைத் தயாரித்தவரும் ரோல்ஃபே, நடிகர் நடிகர்தானே!

ஆசிரியர் என்ற முறையில் அவர் கண்டிப்பானவர். ஆபாசம் என்று பொலிஸார் கைவைக்கக்கூடிய எதையும் அச்சேற்றமாட்டார். கண்ணியமாக வாழ்ந்து காட்டினால் சமூகம் ஏற்றுக்கொள்ளும் என்று நம்பினார். அந்தக் கண்டிப்புத்தான் சஞ்சிகையை இருபத்தைந்து ஆண்டுகள் வாழவைத்தது என்பது என் எண்ணம். ஆனால் சமூகம் அவரது நம்பிக்கைக்குச் செவிசாய்க்கவில்லை. 1957இல் இசையமைப்பாளர் ரொபர்ட் ஒபுஸியே சூரிச்சில் கொலையுண்டார். பத்திரிகைகள் கொலையாளியை விட்டுவிட்டு, கொலையுண்டவரின் இனத்தாரைத் துரத்தின. பொலிஸார் சுற்றிவளைத்தனர், பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றினர். 1960இல் ஆண்கள் சேர்ந்து நடனமாடுவதும் சூரிச்சில் தடைப்பட, விழா மண்டபமும் கைநழுவியது.

பின்னர் வந்த அடி வேறு வகையானது. டென்மார்க் முதலிய நாடுகளிலிருந்து துணிச்சலான படங்களோடு புதிய சஞ்சிகைகள் வந்தன. இளைஞருக்கு ரோல்ஃபின் கண்ணியம் கிழவர் பேச்சாகத் தோன்றிற்று. சந்தாக்கள் குறைந்தன. 1967 டிசம்பருடன் 'வட்டம்' நின்றது. 1974 மார்ச்சில் கார்ல் மையர் காலமானார்.

சூரிச் பொலிஸாரின் அந்தப் பதிவேடு 1979இல்தான் ஒழிக்கப்பட்டது. வட்டத்து விழாக்களில் பெண்வேடமிட்டுப் பாடிய றொபி ராப் என்ற இளைஞரும் அவர் 1956இல் சந்தித்த ஆசிரியர் ஏர்ன்ஸ்ட் ஒஸ்டர்டாக் என்பவரும் 2003இல் சூரிச் மாநிலத்திலே முதலாவது ஜோடியாகத் தம் உறவைப் பதிவு செய்தனர். அவ்வேளை இருவருமே எழுபதைக் கடந்திருந்தார்கள். தம் சொந்தப் பெயரிலேயே கையொப்பமிட்டார்கள்.